மிளாவைத் தின்னாதவன்

மாசானம் சுட்ட மிளாவைத் தின்ற எல்லோருக்கும் அந்த மிளாவின் ஏக்கம் வந்து சேர்ந்தது. காரைப்பாறை எஸ்டேட்டின் மேட்டு லைனில் அதைத் தின்னாத ஒரே ஆள் மாசானம்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. மழை ஓய்ந்தால் மூட்டம் இறங்கியது, மூட்டம் விலகினால் மழை இறங்கியது, இரண்டும் முறை வைத்துக்கொண்டு மாறி மாறி வந்து தேயிலைக் காட்டையும் ஃபேக்டரியின் புகைக்குழாயையும் லைன் வீடுகளின் தகரக் கூரைகளையும் மூடி மூடித் திறந்தன. கொழுந்து எடுக்கிற பெண்கள் பக்கத்து நிரையில் நிற்பவளைக் கண்ணால் காண முடியாமல் இருமலை வைத்து இன்னார் என்று தெரிந்துகொண்டார்கள். கீழேயிருந்து வருகிற பஸ் பாதி மலையிலேயே திரும்பிப் போனது. கடையில் கருவாடு தீர்ந்து, பருப்பு தீர்ந்து, ரசமும் சோறுமாக எல்லோருக்கும் நாக்கு செத்துக் கிடந்த ஒரு மதியம், மாசானம் விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை எடுத்தான். மிளா காட்டு மான், அதைச் சுட்டால் ஜெயில் என்று அவனுக்கும் தெரியும், லைனுக்கும் தெரியும். அவன் கொட்டகைப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்கள்போலத் தங்கள் வீட்டு அம்மிகளைக் கழுவி வைத்தார்கள்.

கூட வந்தது பக்கத்து வீட்டுச் சொரிமுத்து. லைனுக்கு மேற்கே தேயிலை முடிந்து காடு தொடங்கும், காடு முடிந்து புல் தொடங்கும், புல் ஏறி ஏறிப் போய் வானத்தில் முட்டுகிற இடத்துக்கு நெடுமொட்டை என்று பெயர். அதன் அடிவாரத்துச் சதுப்பில் இரண்டு பேரும் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெடிமருந்து நனையாமலிருக்க மாசானம் அதைப் பாலிதீன் பையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து குளம்புச் சத்தம் பிரிந்து வந்தது.

மூட்டம் ஒரு கணம் விலகியபோது, கழுத்து மயிரெல்லாம் நனைந்து ஒட்டிய ஒரு கிடா மிளா, கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில், கொம்பு நிறைய பாசியோடு நின்றது. அது அவர்களைப் பார்த்துவிட்டது. பார்த்தும் ஓடவில்லை, காலைத் தட்டவில்லை, கத்தவில்லை. வழியில் நிற்கிற இரண்டு ஆட்கள் விலகட்டும் என்று காத்திருப்பதுபோல, அவர்களுக்குப் பின்னால் நெடுமொட்டைப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது. மாசானம் எத்தனையோ மிருகத்தைச் சுட்டவன். அத்தனையிலும் பயத்தைத்தான் பார்த்திருக்கிறான். பயமில்லாத ஒரு கண்ணை முதல்முறை பார்த்ததில் அவனுக்குக் கை கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் மூட்டம் மறுபடி மூடப்போகிறது என்று சொரிமுத்து முழங்கையால் இடித்தான். மாசானம் சுட்டான்.

இறைச்சியைச் சுமந்து வருவதற்குள் மழை வலுத்துவிட்டது. மாசானத்துக்கு அன்றைக்கே குளிர்காய்ச்சல் கண்டது. வெளியே கூறு போடுகிற சத்தமும், கறி வேகிற வாசனையும், எத்தனையோ நாளைக்குப் பிறகு லைனில் ஆட்கள் உரக்கப் பேசிச் சிரிக்கிற சத்தமும் கம்பளிக்குள் கிடந்த அவனுக்குக் கேட்டன. அவன் பெண்டாட்டி செண்பகவடிவு மிளகும் தேங்காயும் அரைத்து விட்டு ஆக்கி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள்; வாசனைக்கே குமட்டியது. கம்பவுண்டர் வந்து மாத்திரை கொடுத்துவிட்டு, தன் பங்கையும் வாங்கிக்கொண்டு, கஞ்சியைத் தவிர எதுவும் கொடுக்காதே என்று வடிவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்படியாக லைன் முழுவதும் கறி தின்றபோது, சுட்டவன் கஞ்சி குடித்தான்.

காய்ச்சல் விட்டு அவன் எழுந்து வெளியே வந்த காலையில் மூட்டம் வாசல்வரை வந்திருந்தது. கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய பெண்கள், அவர்களை அதட்டி விரட்ட வேண்டிய மேஸ்திரி, பல் குச்சியோடு சொரிமுத்து, எலும்பு கடித்த நாய்கள் உட்பட எல்லோரும், கண்ணுக்குத் தெரியாத நெடுமொட்டையைப் பார்த்து மேற்கே திரும்பி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களோடு செண்பகவடிவும் நின்றாள்.

முதல் சில நாள் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் வந்த சீக்கு என்றுதான் நினைத்திருந்தார்கள். சொரிமுத்து வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தான். மேஸ்திரி தன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஃபேக்டரிக்குப் பின்னால் போய் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு முன்பே அங்கே வந்து அவர் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். குழாயடியில் ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாள், இன்னொருத்தி எனக்கும் அப்படித்தான் என்றாள், தண்ணீர் குடத்தை நிறைத்து வழிந்து ஓடிக்கொண்டிருக்க எல்லோரும் எனக்கும் எனக்கும் என்றார்கள். அன்றைக்கே அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். இழுவை என்றார்கள். அதன்பிறகு காலையில் ஒருவரையொருவர் பார்த்ததும் சாப்பாடு ஆச்சா என்று கேட்பதை விட்டு, இன்றைக்கு இழுவை எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். வெயில் அடித்தால் குறைவு, மழைக்கு மத்திமம், மூட்டம் இறங்கினால் தாங்காது.

பெயர் வைத்த பிறகு அதோடு குடித்தனம் நடத்துவது சுலபமாகிவிட்டது. கிழக்கிலிருந்து மேற்காகக் கொழுந்து எடுக்கும்போது கை பறக்கிறது, திரும்பி வரும்போது துவள்கிறது என்று கண்டுகொண்ட மேஸ்திரி, எல்லா நிரையையும் மேற்கு முகமாகவே போட்டார். எடை கூடியதைப் பார்த்த மேனேஜர் எதுவும் கேட்கவில்லை. லைன் வீடுகளின் மேற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது, ஆகையால் ஆளாளுக்குக் கடப்பாரையால் இடித்து ஓட்டை போட்டார்கள். அதன் வழியே குளிரும் மூட்டமும் உள்ளே வந்து படுத்துக்கொண்டன. சாஸ்தா கோயிலில் சாமி மேற்கே திரும்பிவிட்டது என்று யாரோ பரவசமாகச் சொன்னபோது, பூசாரி, சாமியெல்லாம் திரும்பவில்லை, நான்தான் திருப்பி வைத்தேன், அது மேற்குக்கு முதுகு காட்டிக்கொண்டு இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். யாரும் குறை சொல்லவில்லை. அந்தத் தை மாதத்துக்கு நிச்சயம் செய்திருந்த ஒரு பெண், கீழே சமவெளிக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்களே என்று அழுதாள். மாப்பிள்ளை வீட்டில் மொட்டைமாடி உண்டு, அங்கிருந்து மலை தெரியும் என்று அவள் அப்பன் போய் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் சம்மதித்தாள்.

வெடிச் சத்தம் கேட்டதாக விசாரிக்க வந்த ஃபாரஸ்ட் கார்டு ஞானதிரவியத்துக்கும் வந்த அன்றே சொரிமுத்து வீட்டில் இலை போட்டிருந்தார்கள். என்ன கறி என்று அவர் கேட்கவில்லை. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதிலிருந்து அவர் தினமும் காக்கி உடுப்போடு லைனுக்கு ஏறி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார். கேஸைப் பற்றி அவரும் பேசவில்லை, மற்றவர்களும் பேசவில்லை.

அப்படி இழுக்கிறது என்றால் எழுந்து போய்விட வேண்டியதுதானே என்று மாசானம் சொரிமுத்துவிடம் கேட்டான். நெடுமொட்டைக்கு அந்தப் பக்கம் ஆனை நிற்கிற காடு, கார்டு விடமாட்டார் என்று சொரிமுத்து முதலில் சொன்னான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு வேறொன்று சொன்னான்.

"போயி ஒண்ணுமில்லைன்னு ஆயிட்டா என்னண்ணே செய்யது? இப்ப எந்திரிக்கும்போதே ஒண்ணு வேணும்னு இருக்கு. எனக்கு இதுக்கு முன்னால எதுவுமே இப்படி வேணும்னு இருந்ததில்ல."

லைனில் எல்லோருக்கும் அதுதான். கூடை தூக்குகிற வயதில் தேயிலைக்குள் இறங்கி, முழங்கால் தேய்ந்து வெளியே வருகிறவரை, மழை நிற்க வேண்டும், பஸ் வர வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்பதற்கு மேல் எதையும் வேண்டிக்கொள்ளத் தெரியாமலிருந்த சனத்துக்கு, பெயர் தெரியாத ஒன்று, முகம் தெரியாத ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் தங்களுக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பு முகத்தில் ஒரு மினுமினுப்பைக் கொண்டுவந்திருந்தது. அந்த மினுமினுப்பைத்தான் மாசானத்தால் சகிக்க முடியவில்லை.

அவனை யாரும் ஒதுக்கவில்லை. நன்றி என்றுகூட ஒரு கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆனால் மேற்கே பார்த்து நிற்கிறவர்களோடு அவனும் போய் நின்றால், ஈரமும் குளிரும் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் தெருவில் சவம் போகும்போது பேச்சை நிறுத்துகிறவர்களைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்டான். பசி மாதிரி, ஆனால் பசி இல்லை என்றார்கள். வீட்டு ஞாபகம் மாதிரி, ஆனால் இந்த வீடு இல்லை என்றார்கள். அந்த மிளாவின் கொம்பைச் சுரண்டித் தண்ணீரில் கலக்கிக் குடித்தான். வயிறு போனதுதான் மிச்சம்.

எல்லோரையும்விட அவனை வதைத்தது செண்பகவடிவின் முகம். கீழே ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி பஸ்ஸில் ஏறி வந்த அன்றைக்கு அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பையன்களும் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது கையை ஆட்டிவிட்டு வந்து உலை வைத்தாள். நல்லவள், சண்டை போடாதவள், எதற்கும் ஆசைப்படாதவள் என்று அவன் நினைத்திருந்தான். அப்படிப்பட்ட ஒருத்தி கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்றும் நினைத்திருந்தான். இப்போது மூட்டம் இறங்கியதும் அடுப்பில் குழம்பு தீய்வதை விட்டுவிட்டு அவள் வெளியே போய் நிற்கிறாள். முடியெல்லாம் நனைந்து, உதடு கொஞ்சம் திறந்து, கண் அகன்று, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டதுபோல நிற்கிறாள். இத்தனை வருஷத்தில் அவன் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஒருநாளும் அந்த முகம் அவனைப் பார்த்துத் திரும்பியதில்லை. அப்படி ஒரு முகம் அவளுக்கு உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது.

ஒரு நாள் அவளிடம் தன் பங்கைக் கேட்டான். சுட்டவனுக்குத் தொடை என்பது வழக்கம். அது எங்கே என்றான்.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "உங்களுக்குன்னு உப்புப் போட்டுக் காயவச்சேன். காய்ச்சல் விட்டதும் வறுத்துக் குடுக்கணும்னுதான் வச்சேன்" என்றாள்.

"பொறவு?"

"நாந்தான் தின்னுட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமா. நிறுத்த முடியல."

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்குள் இருப்பது இரண்டு பேருடைய இழுவை என்பது அவனுக்குப் புரிந்தது. அதில் ஒன்று தனக்கு வரவேண்டியது என்பதும் புரிந்தது. நீ போய்விடுவாயா என்று கேட்டான். அவள் மேற்குச் சுவர் ஓட்டைப் பக்கம் திரும்பினாள்.

மார்கழியில் மூட்டம் பாலாடைபோலக் கெட்டியாகி நின்ற ஒரு காலையில் அவள் கூடையை மாட்டாமல் வெளியே வந்தாள். "நான் போயிட்டு வாரேன்" என்றாள். வாரேன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவனும் கிளம்பினான். துப்பாக்கியை எடுக்கவில்லை. வழி தெரியாமல் போய்விடக்கூடாது என்று அவள் கொங்காணிச் சாக்கின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டான். அவர்கள் நடக்க ஆரம்பித்ததும் பின்னால் ஒரு கதவு திறந்தது, இன்னொரு கதவு திறந்தது, லைன் நெடுகக் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கார்டு ஞானதிரவியம் எங்கிருந்தோ வந்து முன்னால் போனார். காட்டு எல்லைக் கல்லருகே ஒரு நிமிஷம் நின்றார், தொப்பியை அந்தக் கல்மேல் வைத்துவிட்டுத் தாண்டினார்.

தேயிலை முடிந்தது, காடு வந்தது. காடு முடிந்தது, புல் வந்தது. ஒருவர் காலடியில் ஒருவர் கால் வைத்து, இருமிக்கொண்டும் வழுக்கிக்கொண்டும், மேஸ்திரியும் மேஸ்திரி பெண்டாட்டியும், பூசாரியும், கம்பவுண்டரும், சொரிமுத்தும், நாய்களும், முழங்கால் தேய்ந்த கிழவர்களும் நெடுமொட்டையின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு பெட்டை மிளா நின்றுகொண்டிருந்தது.

அது நெடுநாளாக அங்கேயே நிற்கிறது என்று அதைச் சுற்றி மிதிபட்டுச் சேறாகிக் கிடந்த தரை சொன்னது. மாசானத்துக்கு அப்போதுதான் விளங்கியது, அந்தக் கிடா எங்கே போய்க்கொண்டிருந்தது என்று, தான் எந்த வழியில் உட்கார்ந்திருந்தோம் என்று. மற்றவர்களுக்கு விளங்க எதுவும் இல்லை. அவர்கள் வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

மிளா ஓடவில்லை. ஒவ்வொருவராக முகர்ந்துகொண்டு வந்தது. மேஸ்திரியின் கழுத்தை முகர்ந்தது, பூசாரியின் நெஞ்சை முகர்ந்தது, ஞானதிரவியத்தின் காக்கிச் சட்டைக்குள் மூக்கை விட்டது. ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கண்டுகொண்டதுபோல ஒரு கணம் நின்று, இவ்வளவுதானா என்பதுபோல அடுத்த ஆளிடம் போனது. முகரப்பட்டவர்கள் தலைச்சுமையை இறக்கினவர்களைப்போல அங்கங்கே புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். செண்பகவடிவிடம் வந்ததும் அது நின்றது. அவள் தோளில் தாடையை வைத்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாசானம் ஒருபோதும் கேட்டிராத ஒரு குரலில், "வந்துட்டேன்" என்றாள். மூட்டம் அவர்கள் இரண்டு பேரையும் மூடியது, விலகியது, மறுபடி மூடியது. அவர்கள் அப்படியே நின்றார்கள். மாசானம் சாக்கின் நுனியை விட்டுவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

கடைசியாக அது அவனிடம் வந்தது. அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கையில் வெடிமருந்து வாசனை இருந்திருக்கும். இருந்தும் அது மிரளவில்லை. அவனிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, இன்னும் யாராவது வருகிறார்களா என்று அவனுக்குப் பின்னால் வழியைப் பார்த்தது. யாரும் வரவில்லை. பிறகு அது தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக, மூட்டத்துக்குள் போய்விட்டது.

திரும்பி வரும்போது ஆட்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். கால் வலிக்கிறது என்றார்கள். மழை விடாவிட்டால் கொழுந்து அழுகும் என்றார்கள். அடுத்த நாளிலிருந்து குழாயடியில் யாரும் இழுவையைப் பற்றிக் கேட்கவில்லை. ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்தார்கள். சாமியை மட்டும், அடிக்கடி திருப்புவது மரியாதை இல்லை என்று, மேற்கே பார்த்தபடியே விட்டுவிட்டார்கள். கார்டு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேறு பக்கத்துக்கு மாற்றல் வாங்கிப் போனார். போகும்போது மாசானத்தின் துப்பாக்கியைக் கேட்டார். அவன் அதை மலையிலிருந்து இறங்கிய அன்றைக்கே ஃபேக்டரிக்குக் கீழே தண்ணீர் ஆழமாக நிற்கிற கசத்தில் எறிந்துவிட்டதாகச் சொன்னான். அவர் நம்பினார். அது உண்மையும்கூட.

செண்பகவடிவு வேளைக்கு உலை வைத்தாள். குழம்பு தீயவில்லை. அவன் வீட்டுக்குள் வந்தால் துண்டை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. மூட்டம் இறங்கினால் இப்போது அவன் ஒருவன் மட்டும் வெளியே போய் மேற்கே பார்த்து நின்றான். எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்றுவிட்டான், இவனுக்குப் பிந்தி வந்திருக்கிறது என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அவன் எதையும் தின்னவில்லை. அவன் பார்த்தது மலையையும் இல்லை. அந்த மலையைப் பார்த்து நின்ற ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு நின்றான்.

மாசி பிறந்தும் மூட்டம் விடாத ஒரு நாள் அவள் குடையோடு வெளியே வந்தாள். தலை நனைகிறதே, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"அந்த மலையப் பாத்தியே வடிவு. அப்படி ஒரு வாட்டி என்னையப் பாரேன்."

அவள் சிரிக்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முயற்சி செய்கிறாள் என்று தெரிந்தது. பக்கத்தில் நிற்கிற ஆளை அப்படிப் பார்க்க முடியவில்லை என்பதும் அவள் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் கையை நீட்டித் தேயிலைப் பக்கம் காட்டினாள்.

"அங்கன போயி நில்லுங்க" என்றாள். "ரொம்பத் தள்ளிப் போகணும். நான் இங்கன நிக்கேன்."

அவன் நடந்தான். வாசல் கல்லைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, முதல் நிரையைத் தாண்டி, தேயிலைச் செடிகள் இடுப்பில் உரச உரச மேட்டில் ஏறினான். திரும்பிப் பார்த்தபோது வீடு இல்லை, லைன் இல்லை, குடையும் இல்லை, அவளும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. அவள் இப்போது அந்த முகத்தோடு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் தனக்கு அது தெரியப்போவதில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தான். போனால் மறுபடி அவளிடம் துண்டு வாங்கித் துடைத்துக்கொள்கிற ஆளாகிவிடுவோம் என்று தோன்றவே, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றான். செடிகளில் தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் அது ஒன்றுதான் கேட்டது.

பிறகு அவள் குரல் வந்தது. தாலி கட்டிய நாளிலிருந்து அவள் அவனை ஏங்க என்பாள், இந்தா பாருங்க என்பாள், பிள்ளைகள் பிறந்த பிறகு பெரியவன் அப்பா என்பாள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் வாயைத் திறக்காமல் கார்டை நீட்டுவாள். மூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து, பழகாத சொல்லை வாயில் போட்டுப் பார்க்கிறவள்போல, மெதுவாக, "மாசானம்" என்றாள்.

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. 

"மாசானம்" என்றாள் மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் உரக்க, நடுவில் குரல் உடைய.

இங்கே இருக்கிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் நிறுத்திவிடுவாள். மாசானம் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு, அவள் இன்னொரு தடவை கூப்பிடுவதற்காக நின்றான்.